சூரையைக் குறை சொல்லாதீர்கள்

(பண்ணை ஒலிபரப்பில் மீனவர்களுக்காக நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது சூரை மீனைப் பற்றி. பெயரைக் கேட்டதும் சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "சூரையா? கறி கறுப்பா இருக்குமே! ரத்த வாடை அடிக்குமே! அது கரப்பானாச்சே, உடம்பெல்லாம் அரிக்குமே!" இந்த மூன்று குற்றச்சாட்டையும் நான் சின்ன வயசிலிருந்தே கேட்டு வருகிறேன். வஞ்சிரத்துக்கு நடுவீட்டில் பாய் விரிக்கிறோம். சூரைக்குத் திண்ணையில்கூட இடமில்லை.

ஆனால் இதே மீனைத்தான் உலகம் முழுவதும் 'டூனா' என்று சொல்லி, டப்பாவில் அடைத்தும் பச்சையாகத் துண்டு போட்டும் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அங்கே போனால் மரியாதை, இங்கே இருந்தால் கரப்பான். இது எப்படி? மீன் மாறிவிட்டதா? மாறவில்லை. மீனைப் பிடித்த முதல் சில மணி நேரத்தில் அதை நாம் நடத்துகிற விதம்தான் மாறுகிறது. இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சுறா வேறு, சூரை வேறு. எழுத்தில் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் நகரத்துப் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சுறாவுக்கு உள்ளே இருப்பது குருத்தெலும்பு. சூரை நல்ல முள் எலும்பு உள்ள மீன். வஞ்சிரம், கானாங்கெளுத்தி குடும்பத்தைச் சேர்ந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குப் பால் சுரக்கப் புட்டு செய்து கொடுப்பது சுறாவில்.

சூரையிலும் பல ஜாதி உண்டு. கரைக்குப் பக்கத்தில் கூட்டமாக வருவது சாதாரணச் சூரை. அதைவிடச் சின்னது எலிச்சூரை. வயிற்றின் பக்கவாட்டில் நீளமாகக் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது வரிச்சூரை. ஆழ்கடலில் கிடைக்கிற, துடுப்பெல்லாம் மஞ்சளாக இருக்கிற பெரிய மீன் மஞ்சள் துடுப்புச் சூரை. தெற்கே குமரிப் பக்கத்தில் அதைக் கேரை என்பார்கள். சாதாரணச் சூரையைக் கையில் தூக்கிவிடலாம். கேரையோ ஆள் உயரத்துக்கு மேலே, நூறு கிலோவைத் தாண்டியும் வளரக் கூடியது.

ஓய்வறியாத மீன்

சூரையின் கறி ஏன் சிவப்பாக இருக்கிறது? பாறை மீன் பாறை இடுக்கில் படுத்துக் கிடக்கும். பசி எடுத்தால் வெளியே வரும். சூரைக்கு அந்தச் சொகுசு கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மூச்சு நின்றுவிடும். வாயைத் திறந்துகொண்டு முன்னால் ஓடினால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும், பிராணவாயு கிடைக்கும். வரிச்சூரைக்கும் சாதாரணச் சூரைக்கும் மற்ற மீன்களுக்கு இருப்பது போன்ற காற்றுப்பைகூட வயிற்றில் இல்லை. நின்றால் மூழ்கும். ஆகவே பிறந்தது முதல் சாகும் வரைக்கும் ராப்பகலாக ஓட்டம்தான்.

இப்படி ஓடுகிற உடம்புக்கு நிறையப் பிராணவாயு வேண்டும். அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சிவப்புப் பொருள் அதன் தசையில் ஏராளமாக இருக்கிறது. நீங்கள் கறுப்புக் கறி என்று ஒதுக்குகிறீர்களே, அது அழுக்கு இல்லை; அழுகலும் இல்லை. நாள் முழுக்க உழைக்கிற தசை. உழைக்கிறவன் கை காய்த்துப்போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விசேஷம். பெரும்பாலான மீன்களின் உடம்பு கடல் தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் சூடாக இருக்கும். சூரையின் உடம்பு அதைவிடச் சூடு. ஓடும்போது தசையில் உண்டாகும் சூடு செவுள் வழியாகக் கடலில் கரைந்து வீணாகாதபடி, போகிற ரத்தமும் வருகிற ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடிச் சூட்டைக் கைமாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் அதற்கு அந்த வேகமும் பலமும்.

கடலில் உயிரோடு இருக்கும் வரைக்கும் இந்தச் சூடு அதற்கு வரம். செத்துப் படகில் விழுந்த பிறகு அதுவே சாபம். தூண்டிலில் மாட்டிக்கொண்டு துள்ளித் துடிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகிறது. கொதிக்கிற உடம்பு, நிறைய ரத்தம், மேலே நம்ம ஊர் வெயில். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்?

கரப்பான் எங்கிருந்து வருகிறது?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்குச் சந்தையில் சூரை வாங்கினேன். நல்ல மீன்தான். பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருகிற வழியில் ஒரு சிநேகிதர் வீட்டில் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீடு வந்து சேரும்போது மணி இரண்டு. குழம்பு நல்ல ருசி. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, என் பையனுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. கழுத்திலும் மார்பிலும் தடிப்பு. தலைவலி, வாந்தி. டாக்டர் ஊசி போட்டார், சாயங்காலம் சரியாகிவிட்டது. என் தாயார் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "நான்தான் சொன்னேனே, சூரை கரப்பான்னு."

அம்மா பார்த்தது உண்மை. சொன்ன காரணம்தான் தவறு. குற்றவாளி மீன் இல்லை, நான்.

விஷயம் இதுதான். சூரையின் கறியில் ஹிஸ்டிடின் என்ற சத்து இயற்கையாகவே அதிகம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மீனின் செவுளிலும் குடலிலும் சில நுண்கிருமிகள் இருக்கின்றன. மீன் செத்துச் சூடாகக் கிடந்தால் அவை மளமளவென்று பெருகி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. நம் உடம்பில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்குகிற பொருள் அதுதான். முகம் சிவத்தல், வாயில் எரிச்சல், தலைவலி, நெஞ்சு படபடப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் வேலை. பெரும்பாலும் ஒரு நாளில் தானே அடங்கிவிடும். என்றாலும் மூச்சுத் திணறல் வந்தாலும், ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு வந்தாலும் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களிலும் இதே ஆபத்து உண்டு. ஏழை வீட்டுச் சட்டிக்கு வருகிற மீன்கள் இவை. அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே முக்கியமான ஒரு சங்கதி. ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் அப்புறம் அதை விரட்ட வழியே இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. எண்ணெயில் பொரித்தாலும் போகாது. ஐஸில் வைத்தால் மேற்கொண்டு பெருகுவது மட்டுப்படுமே தவிர, இருப்பது குறையாது. உப்புப் போட்டுக் கருவாடு ஆக்கினாலும், டப்பாவில் அடைத்து ஆவியில் வேக வைத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. நாற்றம் வருவதற்கு முன்னாலேயே அது வந்து உட்கார்ந்திருக்கும். டப்பாச் சூரைக்கான சர்வதேச உணவுத் தரத்தில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். வியாபாரி மீனைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதும், அங்கே தவறினால் முழுச் சரக்கையும் தள்ளிவிடுவதும் இதனால்தான்.

முதல் ஒரு மணி நேரம்

"அப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, மீனைத் துடிக்க விடாதீர்கள். பெரிய மீனைக் கொக்கி போட்டு ஏற்றும்போது தலையில் போடுங்கள். உடம்பில் குத்தினால் அந்த இடத்துக் கறி வீண். படகில் ஏறியதும் ஈரச் சாக்கின் மேல் கிடத்தி, தலையில் ஓங்கி ஒரு அடி. தளத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டே கிடந்தால் கறி சூடேறி, வெந்தது போல வெளுத்துவிடும்.

இரண்டாவது, ரத்தத்தை வடித்துவிடுங்கள். பக்கத் துடுப்பை உடம்போடு ஒட்டிப் படிய வையுங்கள். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, இரண்டு பக்கமும் கத்தியால் சின்னதாக ஒரு கீறல். அங்கேதான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. சின்ன மீன் என்றால் செவுளை அறுத்துவிட்டாலே போதும். கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சில நிமிஷத்தில் ரத்தம் வடிந்துவிடும். ரத்த வாடை என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு கீறல்தான் பெரிய பதில்.

மூன்றாவது, செவுளையும் குடலையும் எடுத்துவிடுங்கள். கிருமிகளின் குடியிருப்பே அங்கேதான். வயிற்றைச் சுத்தமான கடல் தண்ணீரில் அலசுங்கள். துறைமுகத்துக்குள் வந்த பிறகு அந்த அழுக்குத் தண்ணீரை மொண்டு அலசினால், அலசாமல் இருப்பதே மேல்.

நான்காவது, ஐஸ். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாளமாகப் போட்டால் மீனின் ஒரு பக்கம்தான் குளிரும். நொறுக்கிப் போட்டு, அதில் கொஞ்சம் கடல் தண்ணீரைக் கலந்து கூழாக்கி, மீன் முழுவதும் அதில் மூழ்கும்படி வையுங்கள். உடம்பின் நடுக்கறி வரைக்கும் குளிர் இறங்க வேண்டும். குடல் எடுக்காத பெரிய சூரை என்றால், செத்த 6 மணி நேரத்துக்குள் அதன் நடுக்கறி 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்பது விஞ்ஞானிகள் வகுத்த அளவு. குடல் எடுத்த வயிற்றுக்குள்ளும் ஐஸை அடைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

வலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வழிவலையில் சாயங்காலம் மாட்டிய சூரை மூச்சு முட்டிச் சீக்கிரமே செத்துவிடும். விடியற்காலம் நீங்கள் வலை வாங்கும்போது அது இளஞ்சூடான கடல் தண்ணீரில் பல மணி நேரம் கிடந்திருக்கும். அந்த நேரமும் கணக்கில் உண்டு. ஆகவே வலையை நேரத்தோடு வாங்குங்கள். உயிரோடு வருவது, விறைத்து வருவது, தளர்ந்து தொய்ந்து வருவது என்று மூன்றாகப் பிரியுங்கள். தளர்ந்ததை நல்ல மீனோடு சேர்க்காதீர்கள். கரைக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் ஏலக்காரர் எதை வைத்து விலை சொல்வார்? இருப்பதில் மட்டமானதை வைத்துத்தான்.

"ஐஸ் வாங்கக் காசு ஏதுங்க? டீசலுக்கே சரியா இருக்கு" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு அதே கரையில் இரண்டு படகுகள் வந்து நின்றன. ஒரே கடல், ஒரே இரவு, ஒரே ஜாதி மீன். ஒரு படகில் மீன் தார்ப்பாயின் கீழே கிடந்தது. இன்னொன்றில் ஐஸ் கூழில் கிடந்தது. ஐஸில் வந்த மீன் கிலோவுக்கு இரண்டு மடங்கு விலை போயிற்று. பெரியவர் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐஸு காசு நான் குடுத்துட்டேன் போலிருக்கே. ஆனா ஐஸு மட்டும் வரலை." இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

இது சில்லறை விஷயம் இல்லை. பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைத்து, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் 2017-ல் தொடங்கியது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டு, அதில் 50 சதவீதத்தை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் கொடுத்தன. மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன். பல நாள் கடலில் தங்கி, கடன் தவணையை மனசில் சுமந்துகொண்டு பிடித்த மீன் பாதி விலைக்குப் போனால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அந்தப் படகு கரையேறுவது வலையில் விழுகிற மீனால் மட்டும் இல்லை. ஐஸ் பெட்டியில் இருக்கிற மீனால்தான்.

தீவுக்காரர்களைப் பாருங்கள்

லட்சத்தீவில் மினிக்காய் என்று ஒரு தீவு. அங்கே வரிச்சூரையை வலையால் பிடிப்பதில்லை, கம்புத் தூண்டில்தான். தீவைச் சுற்றி அமைதியாக இருக்கும் ஆழமில்லாத கடலில் பொடி மீன்களைப் பிடித்து, படகுக்குள்ளேயே கடல் தண்ணீர் ஓடும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் பொடி மீனைக் கைப்பிடி கைப்பிடியாக வீசுவார்கள். கடல்மேல் மழை பெய்வது போலத் தண்ணீரையும் தெளிப்பார்கள். இரை துள்ளுகிறது என்று நினைத்துச் சூரை பாய்ந்து வரும். முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் படகுக்குள் போடுவார்கள். மீன் வந்து விழும்போது உயிரோடு விழுகிறது. வலையில் கிடந்து ஊறுவது என்பதே இல்லை.

அந்த மீனில்தான் மாசி செய்கிறார்கள். தலையையும் குடலையும் நீக்கி, நீளத் துண்டுகளாக்கி, உப்புத் தண்ணீரில் வேக வைத்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டை போலக் காய வைப்பார்கள். மாலத்தீவிலும் இதே பக்குவம்தான். இலங்கையில் மாசி இல்லாமல் சம்பல் இல்லை. நம் கடற்கரை ஊர்க் கடைகளிலும் மாசி கிடைக்கிறது. ஐஸ் என்பதையே அறியாத காலத்தில் இந்தத் தொழில் நின்று நிலைத்தது, பிடித்த மீனைத் தாமதிக்காமல் பக்குவம் செய்த சுறுசுறுப்பால்தான். கெட்ட மீனில் போட்ட மாசியும் கெட்ட மாசிதான்.

அளவோடு பிடிப்பதும் அவசியம். இந்துமாக்கடல் சூரை ஆணையம் என்று செஷல்ஸ் தீவைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்று உண்டு. மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015-ல் கண்டு, 2016-ல் அதை மீட்கத் திட்டம் வகுத்தார்கள். இன்னும் அதிகம் பிடித்துத்தான் வருமானத்தைப் பெருக்க வேண்டும் என்பதில்லை. பிடித்ததைப் பாழாக்காமல் கொண்டுவந்தாலே வருமானம் பெருகும்.

அடுப்படிக்கு வந்த பிறகு

தாய்மார்களே, இனி உங்கள் பங்கு. சூரை வாங்கும்போது ஐஸில் இருக்கும் மீனாகப் பார்த்து வாங்குங்கள். கண் பளபளவென்று இருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. மேல்தோலில் பட்டு மாதிரி மினுமினுப்பு இருக்க வேண்டும். வாங்கினால் நேராக வீட்டுக்குப் போங்கள். என்னை மாதிரி வழியில் உட்கார்ந்து பேசாதீர்கள்! உடனே சமைக்காவிட்டால் கழுவிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்தது போலச் சுறுசுறு என்று பட்டால், அது காரம் இல்லை. தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

நடுவில் ஓடும் கறுப்புக் கறி பிடிக்காதவர்கள் அதை நீக்கிவிட்டுச் சமைக்கலாம். புளியும் மிளகும் சேர்த்துக் கெட்டிக் குழம்பு வைத்தால் சூரைக்கு நிகர் இல்லை. வேக வைத்து உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய் போட்டுக் கிளறினால் முள்ளுக்குப் பயப்படாமல் பிள்ளைகள் சாப்பிடும். நூறு கிராம் வரிச்சூரையில் 22 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்போ ஒரு கிராம்தான். ரத்த விருத்திக்கு வேண்டிய பி12 வைட்டமினும் தாராளம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வயசான பெரிய மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே வரும். ஆகவே கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பெரிய சூரையை அடிக்கடி சாப்பிட வேண்டாம். வரிச்சூரை போன்ற சின்னவை நல்லது.

முடிப்பதற்கு முன்னால் மறுபடியும் சொல்கிறேன். கறுப்புக் கறி அந்த மீனின் உழைப்பு. ரத்த வாடைக்கு மருந்து ஒரு கீறல். கரப்பானுக்கு மருந்து ஐஸ். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது கத்தியும் ஐஸும் படகில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள். சூரை தன் வாழ்நாள் முழுவதும் ஒரு நிமிஷம் நின்றதில்லை. அது படகில் விழுந்த அந்த ஒரு மணி நேரம் நாமும் நிற்காமல் வேலை செய்தால் போதும்.